சுண்ணக்கல் நிலத்தில் இறைச்சிக் கழிவை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

கேள்வி (யாழ்ப்பாணம், உரும்பிராயிலிருந்து): "ஐயா, எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு கோழி இறைச்சிக் கடை இருக்கிறது. குடல், இறகு, இரத்தம் எல்லாவற்றையும் கடைக்காரர் பின்வளவில் கிடங்கு வெட்டிப் புதைக்கிறார். கிடங்குக்கும் எங்கள் கிணற்றுக்கும் இடையில் முப்பது மீற்றர்கூட இராது. மாரி தொடங்கியதிலிருந்து தண்ணீர் ஒரு மாதிரி மணக்கிறது. அவர் நல்ல மனிதர். சண்டை பிடிக்க மனமில்லை. இதற்குச் சட்டம் உண்டா? யாரிடம் போவது? அவரும்தான் வேறு என்ன செய்ய முடியும்? நாங்கள் இரண்டு மாடு வைத்திருக்கிறோம். ஒன்று செத்தால் எங்கே புதைப்பது என்பதையும் சொல்லுங்கள்."

பதில்:

மற்றதெல்லாம் பிறகு. இன்றிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சமையலுக்கும் எடுக்காதீர்கள். கொதிக்க வைத்தால் சரி என்று நினைக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அழுகிய புரதத்திலிருந்து உண்டாகும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். வீட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருந்து, அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உதடும் நகமும் நீலம் பாரிக்கக்கூடும்.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். அமோனியா, நைத்திரேற்று, மலத்தில் இருக்கும் கிருமியான ஈ. கோலி ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இலங்கையின் குடிநீர்த் தரம். ஈ. கோலி இருக்கவே கூடாது. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குப் போடும் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் உங்கள் ஊர் அடங்கும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடுதலாகத்தான் இருக்கிறது. ஆகவே அந்த ஒரு எண்ணைக் காட்டிக் கடைக்காரர் மேல் பழி போட முடியாது. அமோனியாவும் சேர்ந்து உயர்ந்திருந்தால் கிட்ட எங்கோ புதிதாக ஏதோ அழுகுகிறது என்று பொருள். அந்தத் தாள் கையில் இருந்தால் கடைக்காரரோடும் அதிகாரிகளோடும் நிதானமாகப் பேசலாம். வெறும் மணத்தை வைத்துப் பேசப் போனால் அது வேலிச் சண்டையில் போய் முடியும்.

இனி மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இந்த விடயத்தில் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

வலிகாமத்தில் கிடங்கு வெட்டியவர்களுக்குத் தெரியும். மேலே செம்மண், பல வளவுகளில் அது ஓராள் ஆழம்கூட இல்லை. அதற்குக் கீழே அலவாங்கு போட்டால் கை அதிரும் சுண்ணக்கல். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த கல் அது. மழைத்தண்ணீர் காலங்காலமாகக் கரைத்துக் கரைத்து அதற்குள் வெடிப்பும் பொந்துமாக ஆக்கி வைத்திருக்கிறது. நிலாவரைக் கிணற்றின் ஆழமும், கீரிமலையில் கடலுக்கு அருகிலேயே ஊறிவரும் நன்னீரும் அந்தப் பொந்துகளின் வேலைதான். வேறு ஊர்களில் மண் வடிகட்டியாக நின்று கிருமியைப் பிடித்து வைக்கும். இங்கே செம்மண்ணைத் தாண்டிவிட்டால் வடிகட்ட எதுவும் இல்லை. கிடங்கிலிருந்து வடிகிற நீர் ஒரு வெடிப்பைப் பிடித்துவிட்டால் பக்கத்து வளவுக் கிணற்றுக்கு அது போய்ச் சேர அதிக நேரம் தேவையில்லை. ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரை மழை பெய்து நிலத்தடி நீர் மேலே ஏறும்போது, கழிவு நீரைத் தேடிப் போவதற்குப் பதில் நீரே கிடங்கைத் தேடி வந்துவிடுகிறது. உங்கள் தண்ணீர் கோடையில் மணக்காமல் மாரியில் மணப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

பிரித்தானியாவில் செத்த விலங்குகளைப் புதைப்பதற்கு விவசாயிகளுக்குச் சொல்லப்பட்ட ஓர் அளவு உண்டு: குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீற்றர் தூரம். அதை உரும்பிராயில் வைத்துப் பாருங்கள். ஒரு கிடங்கை நடுவில் வைத்து 250 மீற்றர் ஆரத்தில் வட்டம் போட்டால் அது 48 ஏக்கருக்கு மேல் வரும்; நம்முடைய கணக்கில், ஏக்கருக்கு 16 பரப்பு என்று பார்த்தால், 770 பரப்புக்கு மேல். வீட்டுக்கு வீடு கிணறும் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறுமாக இருக்கிற ஊரில், 770 பரப்புக்குள் ஒரு கிணறும் இல்லாத இடம் எங்கே கிடைக்கும்? அதனால்தான் நான் இதில் உறுதியாக இருக்கிறேன்: வலிகாமத்தில் இறைச்சிக் கழிவைப் புதைப்பதை ஒழுங்குபடுத்த முடியாது, நிறுத்தத்தான் வேண்டும். எத்தனை அடி ஆழம், எவ்வளவு சுண்ணாம்பு என்று விதி எழுதுவது இந்த நிலத்துக்குப் பொருந்தாது.

உங்கள் கடைக்காரரின் கணக்கையும் பார்ப்போம். ஒரு சிறிய கடையில் நாளொன்றுக்கு 50 கோழி வெட்டுகிறார்கள், ஒரு கோழி 2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர் எடை 100 கிலோ. அதில் இறைச்சியாகவும் ஈரலாகவும் விற்பது போக, இறகும் குடலும் தலையும் காலுமாக 25 முதல் 30 கிலோ மிஞ்சும். மாதத்துக்கு முக்கால் தொன்னுக்குக் குறையாது. இரத்தம் நாளுக்கு மூன்று நான்கு லீற்றர். இந்த இரத்தத்தைத்தான் எல்லாரும் தண்ணீர் ஊற்றிக் கழுவி வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள், சிவப்பு நிறம் போனதும் காரியம் முடிந்தது என்று. கழிவுநீர் எவ்வளவு கெட்டது என்பதை அளக்க உயிர்வேதி ஒட்சிசன் தேவை என்று ஓர் அளவு இருக்கிறது. அந்த நீரிலுள்ள அழுகக்கூடிய பொருளைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்பது அதன் பொருள். வீட்டுக் கழிவுநீருக்கு அது லீற்றருக்கு 250, 300 மில்லிகிராம். இரத்தத்துக்கு ஏறத்தாழ 150,000. குளம், வாய்க்கால் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு இலங்கையின் சுற்றாடல் விதி அனுமதிப்பது 30. ஒரு லீற்றர் இரத்தத்தை அந்த 30க்குக் கொண்டுவர 5,000 லீற்றர் நல்ல தண்ணீர் கலக்க வேண்டும். நான்கு லீற்றர் என்றால் 20,000. ஆக, கழுவி விடுவது என்பது சின்ன வேலையாகத் தெரிந்தாலும் கடையின் மிகப் பெரிய கேடு அதுதான். ஒரு வாளியில் இரத்தத்தைப் பிடித்து வைத்தாலே பாதிப் பிரச்சினை குறைந்துவிடும்.

சட்டம் உண்டா என்று கேட்டீர்கள். இலங்கையில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. அவை ஒன்றையொன்று அறியாமல் சிதறிக் கிடக்கின்றன. பொதுத்தொல்லை பற்றிய கட்டளைச் சட்டம் 1862ஆம் ஆண்டினது. இறைச்சி வெட்டுவோருக்கான கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். கொல்களத்துக்கும் இறைச்சிக் கடைக்கும் உள்ளூராட்சி மன்றம் அனுமதிப்பத்திரம் கொடுப்பது அதன்படிதான். அது எழுதப்பட்ட காலத்தில் ஒழுங்கை முகப்பில் கூண்டு வைத்துப் பிராய்லர் கோழி வெட்டும் கடை என்று ஒன்று இல்லை. மாட்டையும் ஆட்டையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. நோய் வந்த விலங்குகளைப் பற்றி 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் பேசுகிறது. கழிவுநீரும் நாற்றமும் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருகின்றன. குப்பை அகற்றுவது பிரதேச சபையின் கடமை. இறைச்சி உணவாகும் வரை சுகாதாரத் துறை பார்க்கிறது, விலங்கு உயிரோடு இருக்கும் வரை கால்நடைத் துறை பார்க்கிறது. வெட்டிய பிறகு இறைச்சியாகாமல் மிஞ்சுவதைத் தனக்குரியதென்று எடுத்துக்கொள்ள ஒருவரும் இல்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் பக்கத்து வளவுக் கிடங்கு இருக்கிறது.

நடைமுறையில், முதலில் கடைக்காரரிடமே போங்கள். பரிசோதனைத் தாளோடு போங்கள். பலன் இல்லாவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, அதன் பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் பிரதேச சபைச் செயலாளருக்கும் அனுப்புங்கள். சபைக்கு அனுப்புவது முக்கியம். கடைக்கு அனுமதி கொடுப்பது அவர்கள்தான், அதைப் புதுப்பிக்கும்போது நிபந்தனை போடக்கூடியவர்களும் அவர்கள்தான். இதற்கும் மசியாவிட்டால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத்தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். ஆனால் அது கடைசிப் படி. கடையை மூடச் செய்தால் கழிவு நின்றுவிடாது. இரவில் உரப்பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடல்நீரேரி ஓரத்திலோ வெளியிலோ வீசிவிட்டு வரும் பழக்கம் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? போக்கிடம் காட்டாமல் வெருட்டியதால் வந்தது.

ஐரோப்பாவில் இதற்கென்றே தனிச்சட்டம் வைத்திருக்கிறார்கள். அது பட்டுத் தெளிந்து எழுதிய சட்டம். செத்த மாடுகளின் எச்சத்தை அரைத்து மாடுகளுக்கே தீனியாகப் போட்டதால் பரவிய பித்த மாட்டு நோய் 1986இல் பிரித்தானியாவில் இனங்காணப்பட்டது. அது மனிதருக்கும் வருகிறது என்பது 1996இல் வெளியானது. 2001இல் ஆடுமாடுகளின் காலிலும் வாயிலும் புண் உண்டாக்கும் கால்-வாய் நோய் வந்து அங்கே 60 இலட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. சரியாகக் கொதிக்க வைக்காத எச்சிற் கழிவைப் பன்றிக்குப் போட்ட ஒரு பண்ணையிலிருந்து அது தொடங்கியதாகக் கண்டார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2009ஆம் ஆண்டின் 1069ஆம் இலக்க ஒழுங்குவிதி. அதன் சாரம் மிக எளிமையானது. கழிவை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை, பித்த மாட்டு நோய்க் காரணி இருக்கக்கூடிய மூளை, முள்ளந்தண்டு போன்றவை. அவை எரிக்கப்பட வேண்டும். இரண்டாம் வகை, வெட்டாமல் தானாகச் செத்த விலங்கு, சாணம், குடலில் உள்ளது போன்றவை; அவை எந்த விலங்குக்கும் தீனியாகக் கூடாது, பதப்படுத்தினால் பசளையாகலாம். மூன்றாம் வகை, நோயற்ற விலங்கிலிருந்து வந்து மனிதர் உண்ணாமல் விடும் பகுதிகள். இவற்றைப் பதப்படுத்திப் பயன்படுத்தலாம். ஏற்றிச் செல்லும் பாத்திரத்துக்கு முதல் வகை கறுப்பு, இரண்டாம் வகை மஞ்சள், மூன்றாம் வகை பச்சை. எங்கிருந்து எங்கே எத்தனை கிலோ போகிறது என்று வண்டியோடு ஒரு தாள் போகும். மிகக் கடுமையான பதப்படுத்தலுக்கு 50 மில்லிமீற்றருக்கு மேற்படாத துண்டுகளாக்கி 133 பாகை வெப்பத்தில், 3 பார் அழுத்தத்தில், 20 நிமிடம் வைக்க வேண்டும்.

இதில் அந்தப் பெரிய கொதிகலன் நமக்கு உடனே வராது. ஆனால் நிறம் பூசிய பீப்பாயும் ஒரு துண்டுக் காகிதமும் வருவதற்கு எந்த வெளிநாட்டு உதவியும் வேண்டியதில்லை. யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் இருக்கின்றன. பதினேழு சபைகளும் அனுமதிப்பத்திரத்தில் ஒரே நிபந்தனையை எழுதினால் போதும்: கழிவு மூடிய பீப்பாயில் நிறுத்துக் கொடுக்கப்பட வேண்டும், கொடுத்த பற்றுச்சீட்டு கடையில் இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடங்கு தேடத் தேவையில்லை. நாளுக்கு 50 கோழி வெட்டும் கடையில் பற்றுச்சீட்டில் 5 கிலோ என்று இருந்தால் மிகுதி 20 கிலோ எங்கே போனது என்று கேட்கலாம். நாற்றத்தை மறுத்துப் பேசலாம், நிறுவையை மறுத்துப் பேசுவது கடினம்.

அந்தப் பீப்பாய்கள் போய்ச் சேர்வதற்கு இடம் வேண்டுமே என்பீர்கள். சேர்வதற்கு ஏற்ற இடமாகக் கல்லுண்டாய் போன்ற குப்பைத் திடலை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மற்றக் குப்பையோடு இறைச்சிக் கழிவு சேர்ந்தால் அங்கே கூடுவது காகமும் கட்டாக்காலி நாயும் இலையானும். நாய் பச்சைக் குடலையும் ஈரலையும் தின்பதில் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆடுமாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி உண்டாக்கும் ஒரு நாடாப்புழு உண்டு. அந்தக் கட்டியை நாய் தின்றால் புழு நாயின் குடலில் வளர்ந்து முட்டையிடும். முட்டை நாயின் மலத்தோடு புல்லுக்கும் கீரைக்கும் குழந்தையின் கைக்கும் வரும். மனிதரின் ஈரலிலும் அதே நீர்க்கட்டி வளரும், பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் வெளியில் தெரியும். நாய்க்கு இரங்கி எறிகிற ஒரு துண்டு ஈரல் இந்தச் சுற்றை ஓட வைக்கிறது. நாய்க்குக் கொடுப்பதென்றால் அவித்துக் கொடுங்கள். பன்றி வளர்ப்பவருக்குக் கொடுப்பது இதைவிடப் பாரதூரமானது. 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் வந்தது. இறைச்சி எச்சத்தில் அந்த வைரசு நெடுநாள் உயிரோடிருக்கும். உலக விலங்கு சுகாதார அமைப்பு சொல்வது, 90 பாகையில் விடாமல் கிளறியபடி ஒரு மணி நேரம். யாரும் வீட்டில் அப்படிச் செய்வதில்லை. கொடுக்காமல் இருப்பதே நல்லது.

என்னுடைய யோசனை இதுதான். கோழிக் கழிவும் செத்த விலங்கும் கூட்டெருவாக வேண்டும். கொல்களத்தில் கிடைக்கும் குடற்சாணமும் சாணமும், அவற்றைப் புளிக்க வைத்து எரிவாயு எடுக்கும் உயிர்வாயுக் கலனுக்குப் போக வேண்டும். மீன் கழிவை இவற்றோடு சேர்க்காமல் சர்க்கரைப்பாகோடு புளிக்க வைத்தோ, பண்ணையளவில் செய்வதென்றால் போமிக் அமிலம் சேர்த்தோ பாதுகாக்கலாம். குருநகரிலும் பாசையூரிலும் மீன் தலையும் குடலும் அத்தனை மலிவாகக் கிடைக்கின்றன. வீட்டுத் தோட்டக்காரர்கள் பலர் மீனும் சர்க்கரையும் சம எடையில் போட்டு மீன் அமிலம் தயாரிப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

கூட்டெரு எப்படி என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடைக்காரர் இதை இரண்டு மூன்று கடைக்காரர்களோடு சேர்ந்து செய்யலாம். சீமெந்துத் தளமும் கூரையும் உள்ள மூன்று அறைப் பெட்டி, ஒவ்வொன்றும் ஐந்தடிக்கு ஐந்தடி. தளமும் கூரையும் இல்லாமல் செய்தால் கிடங்குக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. வடிநீர் நிலத்துக்குள் இறங்கும். அடியில் ஓரடிக்கு மேல் உமி அல்லது மரத்தூள். அதன் மேல் அரையடிக்கு மேற்படாத கழிவு. அதை முழுவதும் மூடும்படி இரண்டு மூன்று பங்கு உமி. இப்படிப் படை படையாக, ஓரத்தில் கழிவு சுவரைத் தொடாமல். வாளியில் பிடித்த இரத்தத்தை மேலே ஊற்றலாம், உமி குடித்துக்கொள்ளும். உச்சியில் ஒரு சாண் உமி எப்போதும் மூடியிருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் நடு சூடேறும். ஓர் இரும்புக் கம்பியைக் குத்திப் பத்து நிமிடம் வைத்து இழுத்துப் பாருங்கள்: பிடிக்க முடியாமல் சுட வேண்டும். வெப்பமானி இருந்தால் 55 பாகை, தொடர்ந்து மூன்று நாளாவது. கிருமியைக் கொல்வது அந்தச் சூடுதான். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, உமி போடுங்கள். சூடே வராவிட்டால் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். மூன்று நான்கு கிழமையில் அடுத்த அறைக்குப் புரட்டிப் போட்டால் மறுபடியும் சூடேறும். மூன்று மாதத்தில் குடல் இருந்த இடம் தெரியாது. இறகின் தண்டு மட்டும் அங்கங்கே இருக்கும், அதைத் திரும்ப முதல் அறையில் போட்டுவிடலாம். இந்த எருவைத் தென்னைக்கும் வாழைக்கும் பயன்படுத்துங்கள். பச்சையாக உண்ணும் இலைகளுக்கு வேண்டாம். புல்லுக்குப் போட்டால் 21 நாள் மாடு மேய விடக்கூடாது என்பது ஐரோப்பிய விதி, அதை நானும் பின்பற்றுவேன்.

கழிவைக் கையாளும் மனிதரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் போக மாட்டேன். நம்முடைய சமூகத்தில் இந்த வேலை யாருடைய தோளில் ஏற்றப்பட்டது, அவர்களை எப்படி நடத்தினோம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். சப்பாத்து இல்லாமல், வெறுங்கையோடு அந்தப் பீப்பாயைத் தூக்குகிறவருக்கு எலிக்காய்ச்சலும், மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லா கிருமியின் தொற்றும், ஏற்புவலியும் வரலாம். முழங்கை வரை கையுறை, இறப்பர் சப்பாத்து, ஏற்புவலித் தடுப்பூசி, வேலை முடிந்து குளிக்க ஓர் இடம் என்பவை விதியின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டும், பின்னிணைப்பில் அல்ல.

இனி உங்கள் மாடு.

பல ஆண்டுகளுக்கு முன், நான் கால்நடை வைத்தியராகச் சேர்ந்த புதிதில், மாரிகாலத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். நல்ல பசு, இரவோடு இரவாகச் செத்துக் கிடந்தது. வீட்டுக்காரரும் மகனும் கிடங்கு வெட்டினார்கள். இரண்டரை அடியில் அலவாங்கு கல்லில் விழுந்து ணங்கென்றது. நகர்ந்து வெட்டினார்கள், அங்கும் கல். வேறு வழியில்லாமல் அந்த ஆழத்திலேயே இறக்கி, மேலே இரண்டு மூட்டைச் சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். சுண்ணாம்பு போட்டால் கெதியில் அழிந்துவிடும் என்று நானும் தலையாட்டினேன். இரண்டு கிழமையில் நாய்கள் தோண்டிவிட்டன என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தபோது தோல் வெள்ளையாகக் கல் மாதிரி இறுகி அப்படியே இருந்தது. ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கிடங்கில் மழைத்தண்ணீர் நின்றது. சுண்ணாம்பு நாற்றத்தைக் கட்டும், சில கிருமிகளைக் கொல்லும். ஆனால் அழிக்கிற நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொன்று உடலைப் பதப்படுத்தி வைத்துவிடும். அந்த வீட்டுக்காரர் என்னைக் குறை சொல்லவில்லை. மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார். அன்று தொடங்கித்தான் இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன்.

மாடு செத்தால் முதலில் தோலுரிக்காதீர்கள், இறைச்சிக்கு யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கால்நடை வைத்திய அதிகாரிக்குச் சொல்லுங்கள். திடீரென்று செத்து, மூக்கிலும் மலவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்து, விறைக்காமல் உடனே ஊதினால் அது அடைப்பானாக (அந்திராக்ஸ்) இருக்கலாம். அரிதுதான், ஆனாலும் அப்போது உடலை எந்தக் காரணத்துக்காகவும் கீறக் கூடாது. காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். துவாரங்களைச் சீலையால் அடைத்து, உடலைப் படங்கால் மூடி, நாய் வராமல் காவலிருந்து, வைத்தியர் வரும்வரை பொறுங்கள்.

அப்படிச் சந்தேகம் இல்லையென்றால் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு மேட்டில் மூடுங்கள். வளவின் மிக உயர்ந்த மூலையில், கிணற்றிலிருந்து உங்களால் முடிந்தவரை தள்ளி, மழைத்தண்ணீர் ஓடிவராத இடம். தடித்த படங்கை விரித்து அதன் மேல் இரண்டடி உயரத்துக்கு மரத்தூளும் உமியும் வைக்கோலும் கலந்து பரப்புங்கள். உடலைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டடி மிஞ்ச வேண்டும். உடலை நடுவில் கிடத்தி வைத்தியரைக் கொண்டு வயிற்றில் குத்திக் காற்றை விடச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஊதி மேட்டைப் பிளக்கும். மேலே இரண்டடி அதே கலவை, அதற்கு மேல் கூரைபோலச் சரித்துக் கட்டிய கிடுகு. சுற்றிவரக் கம்பி வேலி. சுண்ணாம்பு போடுவதென்றால் வேலியோரத்தில் தூவுங்கள், உடலில் வேண்டாம். ஆறு மாதம் தொடாதீர்கள். பிறகு திறந்தால் கையால் நொறுக்கக்கூடிய பெரிய எலும்புகள் மட்டும் இருக்கும்.

2022 டிசெம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாளில் செத்து விழுந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு மேடு என்று சொல்லித் தப்பிக்க முடியாத நாள் அது. ஒவ்வொரு பிரதேசத்திலும் நிலம் பார்த்து ஓர் இடத்தை முன்கூட்டியே குறித்து, உமியும் படங்கும் சேர்த்து வைக்க வேண்டியது அரசின் வேலை. மாடு வெட்டுவதைத் தடைசெய்யும் யோசனைக்கு 2020இல் அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோது வெட்டலாமா கூடாதா என்று நாடெங்கும் வாதம் நடந்தது. எந்தப் பக்கம் வென்றாலும் மாடுகள் செத்துக்கொண்டுதான் இருக்கும், அந்த உடல்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று அப்போது ஒருவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

மாடு கன்று ஈன்றதும் இளங்கொடியை வைக்கோலோடு பழஞ்சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது உங்கள் வீட்டிலும் வழக்கமாக இருக்கலாம். ஆலில் பால் வடிவதுபோல மாட்டுக்கும் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. நாய்க்கு எட்டாமல், மண்ணில் படாமல், காற்றில் காய விடுவதில் நல்ல பயனும் இருந்தது. ஆனால் மாடு நாள் முந்திக் கன்று வீசினால் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். அது கருச்சிதைவு நோயாக இருக்கலாம். அந்தக் கொடியிலும் நீரிலும் கிருமி நிறைந்திருக்கும், மனிதருக்கும் தொற்றும். வெறுங்கையால் தொடாமல், கைக்கு ஒரு பொலித்தீன் பையையாவது கட்டிக்கொண்டு, கொடியையும் செத்த கன்றையும் தடித்த பையில் இட்டு மூடி வைத்துக் கால்நடை வைத்தியரை வரச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு வேண்டியதை அவர் எடுத்துக்கொண்ட பிறகு விறகு அடுக்கி எரித்துவிடுங்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அவர் அந்தப் பக்கமே வர வேண்டாம். கிடந்த இடத்து வைக்கோலையும் சேர்த்து எரித்து, நிலத்துக்குக் குளோரின் தூள் கரைத்து ஊற்றுங்கள். கிணற்றுக் கட்டடியில் நின்று கை கழுவாதீர்கள். தண்ணீரை வாளியில் அள்ளிக்கொண்டு தள்ளிப் போய்க் கழுவுங்கள்.